வளைந்து சென்ற ஒளி

(பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

ஒளி நேர்கோட்டில் செல்லும் என்று சிறு வகுப்பில் படித்தோம். மூன்று அட்டைகளில் துளையிட்டு, அவற்றை வரிசையாக நிறுத்தி, மறுபுறம் மெழுகுவத்தியை ஏற்றிவைத்து ஆசிரியர் அதை மெய்ப்பித்தும் காட்டினார். ஓர் அட்டையைச் சற்றே நகர்த்தினால் போதும், சுடர் மறைந்துவிடும். அன்று வியந்து கைதட்டிய மாணவர்களில் நானும் ஒருவன். அதே ஒளி ஒரு நாள் வளைந்தும் நெளிந்தும் என் தாயின் காலுக்குள் புகுந்து செல்லும் என்றோ, அதற்கான ஒப்புதல் படிவத்தில் என் கையெழுத்தும் இருக்கும் என்றோ அன்று யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். அந்த அனுபவத்தையே இந்த ஆண்டு மலர் வாயிலாக நண்பர்களோடும் பேராசிரியர்களோடும் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா நெல் மண்டியில் மூட்டை சுமப்பவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். அம்மா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். கடைவீதியில் உள்ள ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் 14 ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் நான் நேரே கல்லூரிக்கு வந்துவிடவில்லை. வீட்டு நிலைமையால் ஓராண்டு, இணைய இணைப்புக்குக் கேபிள் இழுக்கும் ஒருவரிடம் கையாளாக வேலை செய்தேன். கம்பத்துக்குக் கம்பம் கேபிள் கட்டுவதும், அறுந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து ஒட்டுவதும் எங்கள் வேலை. அந்தக் கேபிளுக்குள் இருக்கும் கண்ணாடி இழையைப் ‘பைபர்’ என்போம். உறையை உரித்துச் சுத்தம் செய்தால் அதன் குறுக்களவு 0.125 மில்லிமீட்டர்தான். அதன் சிறு துண்டு ஒன்று ஒருநாள் என் ஆள்காட்டி விரலில் ஏறி முறிந்தது. கண்ணுக்கும் தெரியவில்லை, ஊசிக்கும் அகப்படவில்லை. நான்கு நாள் சோற்றை இடக்கையால் உண்டேன். இந்த வேலையை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. அது பின்னால் வரும்.

அம்மா காலை ஒன்பதரைக்குக் கடைக்குள் சென்றால் இரவு ஒன்பதரைக்குத்தான் வெளியே வருவார். உணவுக்கு அரை மணி. மற்ற நேரமெல்லாம் நிற்பதே வேலை. வாடிக்கையாளர் இல்லாத பகல் வேளையிலும் நிற்க வேண்டும். எனக்கு நினைவு தெரிந்த நாள்முதல் அவர் கால்களில் பச்சையும் நீலமுமாகப் புடைத்த கோடுகள் உண்டு. சிறுவனாக இருந்தபோது அவற்றை விரலால் அழுத்தி விளையாடியிருக்கிறேன். அழுத்தினால் அமுங்கும்; விட்டால் எழும்பும். அக்கம்பக்கத்தார் அதை ‘நரம்புச் சுருட்டு’ என்பார்கள். இரவு வீடு திரும்பியதும் அம்மா சுவரோரமாகப் படுத்து, இரு கால்களையும் சுவரில் உயர்த்திச் சாய்த்துக்கொள்வார். அரை மணி நேரம் கழித்துத்தான் எழுந்து உலை வைப்பார். அது அவருடைய பழக்கம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அது நோயின் குறி என்று வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

2024ஆம் ஆண்டு நான் இக்கல்லூரியில் சேர வந்த நாளில் அம்மா ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு என்னுடன் வந்தார். சான்றிதழ் சரிபார்க்கும் வரிசை நீண்டிருந்தது. என் கையில் இருந்த கோப்பில் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ் பத்திரமாக இருந்தது. சிறிது நேரத்தில் அம்மா வரிசையை விட்டு விலகி, வராண்டாப் படியில் உட்கார்ந்துவிட்டார். புதிய இடம், சுற்றிலும் என் வயதுப் பிள்ளைகள். எனக்கு என்னவோ போலிருந்தது. அருகே சென்று, “எல்லாரும் நிக்கிறாங்க, நீ மட்டும் ஏம்மா உக்காந்துட்ட?” என்று எரிந்து விழுந்தேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்து நின்றார். ஒன்றரை மணி நேரம் நின்றார். அந்த ஒரு கேள்வி இன்னும் என் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டிருக்கிறது. உண்மையில் இக்கட்டுரை பிறந்தது அந்தப் படிக்கட்டில்தான்.

அவ்வாண்டு ஆடித் தள்ளுபடி முடிந்தபோது அம்மாவின் இடக் கணுக்காலுக்கு உட்புறம் தோல் கறுத்து, அரிப்பெடுத்து, காசளவு புண் ஒன்று தோன்றியிருந்தது. தீபாவளி விற்பனை முடியட்டும் என்று அதைத் துணியால் சுற்றிப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். நவம்பர் மாதம் ஒரு விடியற்காலை, குளியலறையிலிருந்து அம்மா கூப்பிட்டார். தரையெல்லாம் இரத்தம். புடைத்திருந்த ஒரு முடிச்சு உடைந்து பீறிட்டுக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஓடிவந்து முழங்காலுக்கு மேலே துண்டால் இறுக்கிக் கட்டினார். இரத்தம் நிற்கவில்லை. 108 வண்டியில் வந்த உதவியாளர் முதல் வேலையாக அந்தக் கட்டை அவிழ்த்தார். அம்மாவைத் தரையில் படுக்கவைத்து, காலை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடிக்கச் சொல்லி, உடைந்த இடத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்தினார். சில நிமிடங்களில் இரத்தம் நின்றது. நண்பர்களே, இதை மட்டும் நினைவில் வையுங்கள். புடைத்த சிரை உடைந்தால் நோயாளியைப் படுக்கவைத்துக் காலை உயர்த்த வேண்டும். உடைந்த இடத்தை அழுத்த வேண்டும். மேலே இறுக்கிக் கட்டினால் இதயத்துக்குத் திரும்ப வேண்டிய இரத்தம் வழியின்றி அங்கேயே தேங்கிப் பெருகும்.

பெரிய ஊர் அரசு மருத்துவமனையில் எங்களுக்கு ஒரு பெண் மருத்துவர் கிடைத்தார். அம்மாவை நிற்கவைத்து டாப்ளர் ஸ்கேன் எடுத்தார். நான் பாடத்தில் படித்த அதே டாப்ளர் விளைவு! கெண்டைக்காலைக் கையால் பிழிந்தபோது திரையில் நீல நிறம் மேல்நோக்கி ஓடியது. கையை எடுத்ததும் சிவப்பு நிறம் கீழ்நோக்கி வழிந்தது, வழிந்துகொண்டே இருந்தது. “தம்பி, என்ன படிக்கிறே?” என்று கேட்டார். “பி.எஸ்ஸி. பிசிக்ஸ், மேடம்” என்றேன். “அப்ப உனக்குச் சொன்னா புரியும். மேலே போன ரத்தம் திரும்பி வரக் கூடாது. அரை செகண்டுக்கு மேல வந்தாலே வால்வு கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். அம்மாவுக்கு எவ்வளவு நேரம் வருது பாத்தியா?” என்றார்.

நாம் ‘நரம்பு’ என்று சொல்வது உண்மையில் நரம்பு அன்று. நரம்பு என்பது உணர்ச்சியைக் கடத்துவது. கையிலும் காலிலும் பச்சையாகத் தெரிபவை சிரைகள். இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டு செல்வது தமனி. இதயத்துக்குத் திருப்பிக் கொண்டு வருவது சிரை. தமனியில் ஓடும் இரத்தத்துக்கு இதயத்தின் உந்துதல் உண்டு. காலிலிருந்து திரும்பும் இரத்தமோ புவியீர்ப்பை எதிர்த்து ஏற வேண்டும். அன்றிரவு வார்டு வராண்டாவில் உட்கார்ந்து நான் ஒரு கணக்குப் போட்டேன். அம்மாவின் இதயம் தரையிலிருந்து சுமார் 1.15 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரத்தத்தின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறத்தாழ 1060 கிலோகிராம். உயரம், அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம் மூன்றையும் பெருக்கினேன். அசையாமல் நிற்கும்போது கணுக்காலில் உள்ள சிரையின் மீது விழும் அழுத்தம் ஏறத்தாழ 90 மில்லிமீட்டர் பாதரசம் என்று வந்தது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கி இரத்தத்தை மேலே தள்ளுவதால், நல்ல காலில் இந்த அழுத்தம் 30 அளவுக்குக் குறைந்துவிடுமாம். நடப்பவருக்கு இரண்டாம் இதயம் ஒன்று காலில் இருக்கிறது. நின்றுகொண்டே இருப்பவருக்கு அது தூங்குகிறது.

ஏறிய இரத்தம் இறங்காமல் தடுப்பவை சிரைக்குள் இருக்கும் சிறு வால்வுகள். இத்தாலியின் படுவா நகரில் பேராசிரியராக இருந்த ஃபாப்ரீசியஸ் 1603ஆம் ஆண்டில் இவற்றை விரிவாக எழுதினார். ஆனால் இவை எதற்காக இருக்கின்றன என்பதைச் சரியாக உணர்ந்தவர் அவருடைய மாணவர் வில்லியம் ஹார்வி. இவை இதயத்தை நோக்கி மட்டுமே திறக்கும் கதவுகள் என்பதைக் கையில் கட்டுப் போட்டே காட்டி, இரத்தம் உடலைச் சுற்றி வருகிறது என்ற உண்மையை 1628ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தார். அந்தக் கதவுகள் தளர்ந்து போனால் இரத்தம் கீழே தேங்கும், சிரை விரியும், விரிந்தால் கதவுகள் இன்னும் பொருந்தாமல் போகும். பரம்பரை, வயது, மகப்பேறு, உடற்பருமன் எனக் காரணங்கள் பல. பல மணி நேரம் நின்று செய்யும் வேலையும் அவற்றுள் ஒன்று.

மறுநாள் மருத்துவர் சிகிச்சையைப் பற்றிச் சொன்னார். “லேசர் ஃபைபரை வெய்னுக்குள்ள விட்டு, உள்ளேர்ந்தே மூடிடுவோம்.” ஃபைபர்! அந்தச் சொல்லைக் கேட்டதும் என் ஆள்காட்டி விரல் தானாக மடங்கிக்கொண்டது. நான்கு நாள் என்னைப் படுத்திய அந்தக் கண்ணாடித் துண்டு நினைவுக்கு வந்தது. அதையா அம்மாவின் இரத்த ஓட்டத்துக்குள் விடப்போகிறார்கள்? அது முறிந்தால்? என் கையில் ஒப்புதல் படிவத்தைக் கொடுத்தார்கள். மூன்று பக்கம், முழுவதும் ஆங்கிலம். அம்மா கையெழுத்திட வேண்டிய இடத்துக்குக் கீழே சாட்சிக்கு ஓர் இடம். “நீ படிச்சுப் பாத்து நல்லதுன்னா சொல்லு தம்பி, நான் போடுறேன்” என்றார் அம்மா. அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மண்டியில் 75 கிலோ மூட்டையை முதுகில் ஏற்றிக்கொள்பவர், அந்த மூன்று காகிதங்களைக் கையால் தொடவும் தயங்கினார்.

முதல் தலைமுறைப் பட்டதாரி என்ற சான்றிதழை வட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்கியபோது அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை. அன்று விளங்கியது. வீட்டிலுள்ள மூன்று பேருக்குமாக நான் ஒருவனே படித்தாக வேண்டும். நான் தவறாகப் படித்தால் திருத்துவதற்கு வீட்டில் ஆள் இல்லை. தெரியாத சொற்களை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டேன். தோல் கன்றிப்போதல், பக்கத்து நரம்பு சுட்டு மரத்துப்போதல், தோல் வெந்துபோதல், அரிதாக ஆழ்சிரையில் இரத்தம் உறைதல் என்று இடர்கள் வரிசையாக இருந்தன. கூச்சத்தை விட்டு மருத்துவரிடம் சென்றேன். கேபிள் வேலையில் விரலில் இழை ஏறிய கதையையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மேசை அறையிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் காட்டி, பொறுமையாக விளக்கினார்.

கேபிளில் உள்ள இழையும் இந்த இழையும் ஒரே குடும்பம்தான். இரண்டும் சிலிக்காக் கண்ணாடி. ஆனால் கேபிள் இழையில் ஒளி செல்லும் உள்ளகம் சுமார் 9 மைக்ரோமீட்டர். அது செய்தி சுமக்கப் பிறந்தது. மருத்துவ இழையின் உள்ளகம் 400 அல்லது 600 மைக்ரோமீட்டர். அது ஆற்றலைச் சுமக்கப் பிறந்தது. அதன் மேல் வளைவைத் தாங்கும் உறைகள் போர்த்தியிருக்கும். தொடக்கத்தில் வெறும் நுனி கொண்ட இழைகளைப் பயன்படுத்தினார்கள். அவற்றில் ஒளி நேரே முன்னோக்கிப் பாயும். நுனி சிரைச் சுவரைத் தொட்டால் அந்த இடத்தில் துளை விழுந்து வலியும் கன்றலும் ஏற்படும். இப்போதுள்ள இழை ஒன்றில் நுனியை உருண்டையான கண்ணாடி மூடியால் அடைத்திருக்கிறார்கள். அதிலிருந்து ஒளி மோதிரம் போலச் சுற்றிலும் பரவும். “வெளியே எடுத்ததும் நுனி முழுசா இருக்கான்னு பாத்துட்டுத்தான் மேசையை விட்டு நகருவோம்” என்றார். அதன் பிறகுதான் என் விரல் நிமிர்ந்தது. அம்மா கையெழுத்திட்டார், நான் சாட்சியானேன்.

முன்பெல்லாம் இந்நோய்க்கு அறுவை ஒன்றே வழியாக இருந்தது. தொடையின் மேற்பகுதியில் கீறி, சிரையைக் கட்டி, கம்பி போன்ற ஒரு கருவியால் கீழ்வரை உருவி எடுப்பார்கள். 1999ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டு மருத்துவர் கார்லோஸ் போனே, டயோடு லேசரின் ஒளியை இழை வழியாகச் சிரைக்குள்ளேயே செலுத்திய செய்தியை வெளியிட்டார். 2001ஆம் ஆண்டில் நவாரோ, மின் ஆகியோருடன் இணைந்து அவர் எழுதிய கட்டுரை இம்முறையைப் பரவச் செய்தது. இங்கிலாந்தில் 2013ஆம் ஆண்டில் வெளியான தேசிய வழிகாட்டு நெறி, தகுதியான நோயாளிகளுக்கு வெப்பத்தால் சிரையை மூடும் முறையே முதலில் என்றும், நுரை மருந்து அடுத்தது என்றும், அறுவை அதற்கும் அடுத்தது என்றும் வரிசைப்படுத்தியது. வெப்பத்தை லேசராலும் தரலாம்; ரேடியோ அலையாலும் தரலாம். அம்மாவைப் போலப் புண் வந்தவர்கள் 450 பேரிடம் அதே நாட்டில் நடந்த ஆய்வு ஒன்று 2018ஆம் ஆண்டில் வெளிவந்தது. இறுக்கக் கட்டோடு சிரையைக் காலம் தாழ்த்தாமல் மூடியவர்களில் பாதிப் பேருக்குப் புண் ஆற 56 நாட்கள் ஆயின. தாழ்த்தியவர்களில் பாதிப் பேருக்கு 82 நாட்கள்.

இவ்வளவுக்கும் அடிப்படையான ஒளியிழையின் கதையில் நம் நாட்டவர் ஒருவருக்குப் பெரும்பங்கு உண்டு. பஞ்சாபில் மோகா என்னும் ஊரில் 1926ஆம் ஆண்டில் பிறந்த நரிந்தர் சிங் கபானிதான் அவர். ஒளி நேர்கோட்டில்தான் செல்லும் என்று பள்ளியில் ஆசிரியர் சொன்னதை ஏற்க மறுத்து, அன்றே கேள்வியை மனத்தில் முடிந்துகொண்டவர் என்பார்கள். லண்டனில் ஹாப்கின்ஸ் என்னும் பேராசிரியரோடு சேர்ந்து, கண்ணாடி இழைக் கற்றை வழியாக உருவத்தையே அனுப்பிக்காட்டி, 1954ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ இதழில் கட்டுரை எழுதினார். 1960ஆம் ஆண்டில் மைமன் முதல் லேசரை ஒளிரச் செய்தார். தொலைத்தொடர்புக்கு ஏற்ற தூய கண்ணாடியைப் பற்றி 1966ஆம் ஆண்டில் எழுதிய சார்லஸ் காவ், 2009ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார். கபானி 2020ஆம் ஆண்டில் மறைந்தார். அடுத்த ஆண்டு நம் அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருது வழங்கியது. அப்பெயரை நான் பாடநூலில் கண்டதில்லை. மருத்துவமனை வராண்டாவில்தான் அறிந்துகொண்டேன்.

சிகிச்சை நாள் வந்தது. எங்களை வெளியே நிறுத்திவிட்டு அம்மாவை உள்ளே அழைத்துச் சென்றார்கள். மயக்க மருந்து கிடையாது. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே முழங்காலருகே ஊசியால் சிரையைத் துளைத்து, இழையை உள்ளே செலுத்தி, தொடை இடுக்கு வரை கொண்டுசெல்கிறார்கள். ஆழ்சிரையோடு சேரும் இடத்துக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் முன்னதாக நிறுத்துகிறார்கள். சிரையைச் சுற்றிலும் மரத்துப்போகும் மருந்து கலந்த உப்புநீரை ஏற்றுகிறார்கள். அந்த நீர் வலியைத் தடுப்பதோடு சிரையை இழையோடு ஒட்டி அழுத்துகிறது. சூடு பக்கத்து நரம்புக்கும் தோலுக்கும் பரவாமல் காக்கிறது. பிறகு லேசரை இயக்கி, இழையை மெல்ல மெல்ல வெளியே இழுக்கிறார்கள். அதன் அலைநீளம் 1470 நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. இவ்வொளியை நீர் நன்றாக உறிஞ்சும். சிரைச் சுவரில் உள்ள நீர் அதை உறிஞ்சிச் சூடேற, சுவர் சுருங்கி மூடிக்கொள்ளும். நாளடைவில் அது வெறும் நாராகிவிடும். இரத்தத்தின் பெரும்பகுதியை ஏற்கெனவே ஆழ்சிரைகளே சுமப்பதால், மூடிய வழியால் காலுக்குக் குறையில்லை.

இதிலும் ஒரு கணக்கு உண்டு. 10 வாட் ஆற்றலில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 7 வினாடி என்றால் 70 ஜூல். 40 சென்டிமீட்டர் நீளச் சிரைக்கு 2800 ஜூல். இதைக் கொண்டு 200 மில்லி தண்ணீரைச் சூடாக்கினால் மூன்று பாகைக்குச் சற்று மேல்தான் ஏறும். ஒரு டம்ளர் காப்பிக்குக்கூடக் காணாது. அவ்வளவு சிறிய வெப்பம், சேர வேண்டிய இடத்தில் மட்டும் சேர்ந்ததால் பல ஆண்டுத் துன்பத்தை அடைத்தது.

ஒரு மணி நேரத்துக்குள் அம்மா வெளியே வந்தார், நடந்து! காலில் இறுக்கமான நீண்ட காலுறை. வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை இது: “தம்பி, கால்ல தோலுக்கு உள்ளாற ஒரு செவப்பு வெளிச்சம் நகந்துச்சுடா. தலையைத் தூக்கிப் பாத்தேன். தொடையிலேர்ந்து எறும்பு மாதிரி எறங்கி வந்துச்சு.”

எனக்கு மெய்சிலிர்த்தது. கேபிள் வேலையில் எங்களிடம் ஒரு சிவப்பு விளக்குப் பேனா இருக்கும். இழையின் ஒரு முனையில் அதைச் செருகினால், எங்கே முறிந்திருக்கிறதோ அங்கே மேலுறையையும் மீறிச் சிவப்பாகக் கசியும். அதைப் பார்த்துத்தான் பழுதைக் கண்டுபிடிப்போம். அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாது என்பதால், நுனி எங்கே இருக்கிறது என்று மருத்துவர் அறிவதற்காக அதே போன்ற சிவப்பொளியை அதனுடன் கலந்து அனுப்புகிறார்கள். நான் கம்பத்தின் மேல் உட்கார்ந்து தேடிய அதே வெளிச்சத்தைத்தான் அம்மா தம் காலுக்குள் கண்டிருக்கிறார்.

பேருந்தில் திரும்பும்போது அம்மா கேட்டார்: “வெளிச்சம் நேராத்தானே போவும்? அந்த ஒயரு வளைஞ்சு வளைஞ்சுல்ல கெடந்துச்சு. அதுக்குள்ள எப்படித் தம்பி போச்சு?”

நான் உடனே, “முழு அக எதிரொளிப்பும்மா. அடர்மிகு ஊடகத்துலேர்ந்து அடர்குறை ஊடகத்துக்குப் போற ஒளி, மாறுநிலைக் கோணத்துக்கு அதிகமா…” என்று தொடங்கினேன். அம்மா மரியாதைக்குத் தலையாட்டினார். எனக்குப் பாதியிலேயே நாக்கு ஒட்டிக்கொண்டது. ஐந்து மதிப்பெண் கேள்வி அது. முழு மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் கேட்பவர் ஒருவர் எதிரே உட்கார்ந்து உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியபோது, என்னிடம் இருந்தது வாய்ப்பாடு மட்டும்தான். அன்று நான் வெட்கினேன். படிக்கட்டில் பட்ட வெட்கம் வேறு, இது வேறு. இந்த வெட்கத்தால் நன்மை விளைந்தது.

இரண்டு நாள் யோசித்தேன். ஓர் இரவு சமையலறையில் விளக்கை அணைத்துவிட்டு, காலி பிளாஸ்டிக் போத்தலின் பக்கவாட்டில் ஒரு துளையிட்டு, நீர் நிரப்பினேன். துளைக்கு நேர் எதிர்ப்புறத்திலிருந்து பத்து ரூபாய்ச் சிவப்பு லேசர் விளக்கைப் பிடித்தேன். துளை வழியே பீச்சிய நீர் வளைந்து கீழே விழுந்தது. சிவப்பொளியும் நீரோடு வளைந்து, அம்மாவின் உள்ளங்கையில் வந்து விழுந்தது. 1842ஆம் ஆண்டிலேயே ஜெனீவாவில் கொலாடன் என்பவர் எழுதிய சோதனைதான் இது. “சின்ன வயசுல குளத்துல முங்கிக் கண்ணைத் தொறந்து பாத்திருக்கியாம்மா?” என்று கேட்டேன். “பாத்திருக்கேன். நேர் மேல வானம் தெரியும். தள்ளிப் பாத்தா கண்ணாடி மாதிரி மினுங்கும்.” “அதேதாம்மா. தண்ணிக்குள்ளேர்ந்து நேரா மேல போற வெளிச்சம் வெளியே போயிடும். ரொம்பச் சாய்வா வந்து மோதினா, வெளியே போவ முடியாம உள்ளேயே திரும்பிடும். இந்தத் தண்ணிக்குள்ள அப்படி மோதி மோதித்தான் வளைஞ்சு வருது. ஒயருக்குள்ளயும் அப்படித்தான்.” ஒவ்வொரு மோதலுக்கும் இடையே ஒளி நேர்கோட்டில்தான் செல்கிறது. எங்கள் ஆசிரியர் சொன்னதும் பொய்யில்லை!

அம்மா உள்ளங்கையில் ஆடிய சிவப்புப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “தண்ணி வீணாப் போவுது, நிறுத்து” என்றார். நிறுத்தினேன். சற்று நேரம் கழித்து, “அப்பா வரட்டும், இன்னொரு தடவை காட்டு” என்றார். நான் இதுவரை நடத்திய ஒரே வகுப்பு அதுதான்.

ஒரு வாரம் கழித்து எடுத்த ஸ்கேனில் சிரை மூடியிருந்தது. பொங்கல் கழிந்து சில நாட்களில் புண்ணும் ஆறியது. ஆனால் மருத்துவர் கடைசியாகச் சொன்னது வேறு. “ஒரு வெய்னை மூடியிருக்கோம்மா. மறுபடி பன்னெண்டு மணி நேரம் அசையாம நின்னா இன்னொண்ணு வரலாம். நடங்க, உக்காருங்க, காலைத் தூக்கி வைங்க.” லேசர் பழுதை அடைத்தது, பழுதின் காரணத்தை அடைக்கவில்லை.

காரணத்தை அடைப்பதற்கான கருவியும் இருக்கிறது. அதற்கு நாற்காலி என்று பெயர். கேரளத்தில் 2018ஆம் ஆண்டில் கடைத் தொழிலாளர் உட்காரும் உரிமைக்குச் சட்டத் திருத்தம் வந்தது. தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஒவ்வொரு நிறுவனத்திலும் எல்லாப் பணியாளருக்கும் இருக்கை வேண்டும், வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்று விதி செய்தார்கள். அம்மாவின் கடையிலும் நான்கு பிளாஸ்டிக் முக்காலிகள் வாங்கிப் போட்டார்கள். அவற்றின் மேல் புடவைப் பெட்டிகளை அடுக்கிவிட்டார்கள். மூன்று ஆண்டுகள் அப்பெட்டிகள் வசதியாக உட்கார்ந்திருந்தன, பெண்கள் நின்றார்கள்.

சிகிச்சைக்குப் பின் வேலைக்குத் திரும்பிய முதல் நாள், பகல் மூன்று மணிக்குக் கூட்டம் குறைந்ததும், அம்மா ஒரு முக்காலியின் மேலிருந்த பெட்டிகளை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தார். கண்காணிப்பவர் வந்து நின்றாராம். அம்மா காலுறையைக் காட்டி, மருத்துவர் எழுதிக் கொடுத்த தாளையும் நீட்டினாராம். அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். மறு வாரம் பக்கத்துப் பிரிவு அக்கா ஒருவர் இரண்டாவது முக்காலியின் பெட்டிகளை இறக்கினார். மற்ற இரண்டின் மேல் இன்னும் பெட்டிகள்தான் இருக்கின்றன.

நண்பர்களே! நம்மில் பலருடைய பெற்றோர் நின்று உழைப்பவர்கள். நடத்துநர், செவிலியர், காவலர், சமையற்காரர், இஸ்திரி போடுபவர் என்று பட்டியல் நீளும். நாள் முழுதும் கரும்பலகையின் முன் நிற்கும் நம் பேராசிரியப் பெருமக்களும் இப்பட்டியலில் அடங்குவர். இன்று இரவு வீட்டுக்குச் சென்றதும் அம்மாவின், அப்பாவின் கால்களை ஒரு முறை பாருங்கள். புடைத்த சிரை, மாலையில் வீக்கம், கணுக்காலில் கறுத்த தோல் இவற்றில் ஒன்று இருந்தாலும், புண்ணாகும் வரை காத்திராமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அங்கே ஆங்கிலத்தில் ஒரு தாளைத் தருவார்கள். அதைப் படித்துச் சொல்வதற்காகத்தான் நம்மைப் படிக்க வைத்திருக்கிறார்கள்.

இந்த ஆண்டு என் உதவித்தொகைப் படிவத்தில் கையெழுத்திட அம்மா மீண்டும் கல்லூரிக்கு வந்தார். அதே வராண்டா; அதே போல நீண்ட வரிசை. “நீ போய் அந்தப் படியில உக்காரும்மா, நான் நிக்கிறேன்” என்றேன். அம்மா என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு போய் உட்கார்ந்து, கால்களை நீட்டிக்கொண்டார்.